நார்ப் பலகையும் நாற்பது கொசுறும்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். இருவரும் இன்ஜினியர்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். காபி குடித்து முடித்ததும் அதில் ஒரு பெண் செல்போனை என் முன்னால் நீட்டி, "ஐயா, ஒரே ஒரு தடவை கை தட்டுங்க" என்றாள். தட்டினேன். என் வீட்டுக் கூடத்தில் எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று உடனே அதில் எண் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தெட்டு வருஷம் நான் சம்பளம் வாங்கியது இந்த ஒரு எண்ணைச் சொல்வதற்காகத்தான்.

"போன் இல்லாத காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். சரி என்றேன். ஒழுங்காகச் செய்ததை மட்டும் எழுதினால் அரைப் பக்கம்கூடத் தேறாது. அதனால் கெடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் கோவிந்தசாமி. சொந்த ஊர் குடிபாலா பக்கம். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா ஊரார் கரும்பை வெட்டினார், நானும் வெட்டினேன். கல்யாணம் ஆன புதிதில் வடமாலபேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி முனியம்மாவோடு வந்து சேர்ந்தேன். கரும்புச் சக்கையையும் தேங்காய் நாரையும் கலந்து அழுத்திப் பலகை செய்கிற வேலை. சுவரிலும் கூரையிலும் அதை அடித்துவிட்டால், அறைக்குள் சத்தம் முட்டி மோதாமல் அடங்கிவிடும். சினிமா தியேட்டர், பாட்டுப் பதிவு செய்கிற அறை, ஏசி போட்ட புது ஆபீஸ் என்று பல இடங்களில் கேட்டார்கள். நாங்கள் அதை நார்ப் பலகை என்போம். ஊரில் யாராவது கேட்டால் முனியம்மா, "சுவத்துக்கு மெத்தை தெச்சிக்கினு கீறாரு" என்று சொல்லிவைத்திருந்தாள்.

முதல் இரண்டு வருஷம் சக்கை அலசினேன். அடுத்த இரண்டு வருஷம் அச்சில் அழுத்தினேன். பிறகு பலகை அடிக்க ஏணி ஏறினேன். நான் கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது சதாசிவம் சாரைப் பற்றி. முதலாளியும் அவரே, மேனேஜரும் அவரே. பம்பாயில் பல வருஷம் தியேட்டர்களுக்குப் பலகை அடித்துவிட்டு, புதுப் புதுக் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த காலத்தில் வங்கியில் கடன் வாங்கி இங்கே வந்து தொழில் தொடங்கியவர். சத்தத்தை அடக்குகிற தொழில் பார்த்தே அவர் தொண்டையும் அடங்கிப்போயிருந்தது. யாரையும் நாலு பேருக்கு முன்னால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, "கோவிந்தசாமி, கொஞ்சம் வெளியே வரீங்களா?" என்பார். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், நாம் செய்த தப்பை முதலிலிருந்து கடைசிவரை நம் வாயாலேயே சொல்ல வைப்பார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். சொல்லி முடித்ததும், "சரி, போங்க" என்பார். இரண்டு அறை விட்டிருந்தால் மறந்து போயிருப்போம். அந்த "வெளியே வரீங்களா"வுக்கு இருபத்திரண்டு ஆட்களும் நடுங்கினோம்.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை சித்தூரில் ஓர் ஆபீஸ். பலகை அடித்த இரண்டாவது வாரம் அந்த ஆபீஸ்காரர் போன் செய்தார். சத்தம் போய்விட்டது, எறும்பு வந்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தால், கூரையிலிருந்து மேஜைவரை வரிசை கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. சக்கையைச் சுற்று வட்டாரத்து வெல்ல ஆலைகளில் வாங்குவோம். ஒரு தண்ணீர் அலசினால் இனிப்புப் போய்விடும் என்று நினைத்திருந்தோம். நினைத்திருந்தோம் என்ன, நான்தான் நினைத்திருந்தேன். அலசியது நான். வேப்பமரத்தடியில் நின்று அதையும் சொன்னேன்.

அன்றிலிருந்து சக்கைக்கு மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் வடிந்ததும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்று பார்க்க வேண்டும். துளி இனித்தாலும் நான்காவது தண்ணீர். முதலில் அலசியவன் மெல்லுவான், அடுத்து மேஸ்திரி, கடைசியில் சார். சார் கண்ணை மூடிக்கொண்டு மென்று, துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் சக்கை பாறையில் காயப் போகும். ஒருநாள் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வங்கி அதிகாரி வந்தார். நாங்கள் வரிசையாக நின்று சக்கை மென்றுகொண்டிருந்தோம், நடுவில் சாரும் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஆளுங்களுக்கு டிபன் ஏதாச்சும் வாங்கிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கை தட்டுகிற ஆளானது அதற்குப் பிறகு. வேலை எடுக்கிற இடத்தில் நட்டநடுவே நின்று, ஒரே ஒரு தடவை ஓங்கித் தட்ட வேண்டும். சத்தம் முழுக்க அடங்குகிற வரையில் எத்தனை நொடி என்று சார் கடிகாரத்தில் பார்ப்பார். ஏன் என்னைத் தட்டச் சொன்னார் என்றால், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை, பட்டாசு வெடித்த மாதிரி கேட்கும். போகப்போக அவர் கடிகாரம் சொல்வதற்கு முன்னால் என் காதே சொல்லிவிடும். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதலில் போய்க் கை தட்டுவதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனத்தில்தான் திருப்பதி மண்டபத்தைக் கெடுத்தேன்.

அலிபிரி போகிற சாலையில் இருந்தது அந்தக் கல்யாண மண்டபம். கிருஷ்ணய்யா என்பவர் கட்டியது. தரை முழுக்கக் கிரானைட், சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே பெரிய குவிமாடம். நான் தட்டிய ஒரு தட்டு அங்கே ஐந்து நொடி சுற்றிக்கொண்டிருந்தது. முகூர்த்த நாட்களில் கவலையில்லை, கல்யாணத்தில் யார் பேச்சு யாருக்குப் புரிய வேண்டும். மற்ற நாட்களில் புதுக் கம்பெனிக்காரர்கள் மீட்டிங் போட வந்தார்கள். மைக்கில் பேசுவது ஒரு சொல்கூட விளங்கவில்லை என்று அவர்கள் ஓட்டல்களுக்கு ஓடிவிட்டார்கள். அதனால் கிருஷ்ணய்யா எங்களைக் கூப்பிட்டார்.

அப்போது எங்கள் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. சார் எல்லோரையும் உட்கார வைத்து, அதே மெல்லிய குரலில் சொன்னார். "இந்த மண்டபம் நல்லா வந்தா, திருப்பதியில இருக்கிற மத்த மண்டபமும் நம்மகிட்ட வரும். வரலைன்னா மாசக் கடைசியில பூட்டிடறதா இருக்கேன்."

பூட்டினால் எனக்குப் பெங்களூர்தான். முனியம்மாவின் அண்ணன் சேகர் அங்கே கட்டட வேலையில் இருந்தான். எங்கள் ஊரில் பாதிப் பேரை அவன்தான் பஸ் ஏற்றிவிட்டிருந்தான். வந்து உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேருக்கும் வேலை சொல்லி வெச்சிக்கிறேன் மச்சான், தகரக் கொட்டாய் குடுப்பாங்க" என்றான். முனியம்மா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். அண்ணன் போன பிறகு, "நான் கல்லு தூக்கிக்கினு தகரக் கொட்டாய்ல புள்ள பெக்கணுமா?" என்று கேட்டாள். அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது, அது ஒன்றுதான் அந்த மாதம் முழுக்க என் மண்டையில் ஓடியது.

சார் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நூற்று அறுபது பலகை என்று வந்தது. "ஆளும் ஒரு பலகைதான் கோவிந்தசாமி. எண்ணூறு பேர் பட்டு கட்டிக்கிட்டு உக்காந்தா அவங்களும் சத்தத்தைக் குடிப்பாங்க. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒண்ணு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கடன் விஷயமாக ஹைதராபாத் போனார்.

நான்கு நாளில் நூற்று அறுபதையும் அடித்து முடித்தோம். கை தட்டினேன். அருமையாக வந்திருந்தது. அப்போது கிருஷ்ணய்யா மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏமய்யா கோவிந்தசாமி, சந்தையில கத்தரிக்காய் வாங்கினா நாலு கறிவேப்பிலை கொசுறு போடறான். நான் இத்தனை பலகை வாங்கறேன், எனக்கு ஒண்ணும் லேதா?"

இதற்கு என்ன செய்வது. கொசுறு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கம் தமிழனுக்கும் கிடையாது, தெலுங்கனுக்கும் கிடையாது. இல்லை என்றால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். முனை உடைந்தது, கோணல் விழுந்தது என்று நாற்பது பலகை கொட்டகையில் வீணாகக் கிடந்தது. அதைச் சும்மா கொடுத்தால் மனிதர் குளிர்ந்துபோய் ஊரெல்லாம் சொல்வார், பலகை அதிகமானால் நல்லதுதானே, சார் வந்ததும் மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன். நாற்பதையும் வண்டியில் ஏற்றி வந்து, குவிமாடத்துக்குள் ஏற்கெனவே இருந்த பலகைகளுக்கு நடுவில் அடித்தேன். முடித்துவிட்டுக் கை தட்டினேன். தட்டினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. போனில் சாரிடம், "சூப்பரா வந்துகிது சார்" என்றேன். கொசுறைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பலகை அடித்த பிறகு முதல் கல்யாணம் வியாழக்கிழமை நடந்தது. பலகையின் பெருமையைக் காதால் கேட்கலாம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளைக்கு அமெரிக்க விசா கிடைத்திருந்தது. பெண் புத்தூர்ப் பக்கம். நாதஸ்வரம் ஏழுமலை என்பவர், அந்த மண்டபத்தில் பல வருஷமாக வாசிப்பவர். அன்றைக்கு அவர் வாசிக்க ஆரம்பித்ததும் முகம் மாறியது. ஊதினார், ஊதினார், கன்னம் கிழிந்துவிடும்போல் ஊதினார். சத்தம் வெளியே வந்த கையோடு செத்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரத்தைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

தாலி கட்டுகிற நேரம் வந்தது. ஐயர் கையை ஆட்டினார், கெட்டி மேளம் கொட்டினார்கள். தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் அப்படிக் கொட்டுவது. கொட்டி நிறுத்தினாலும் அந்த மண்டபத்தில் முன்பெல்லாம் ஐந்து நொடிக்கு முழக்கம் நிற்கும், அதற்குள் எல்லோரும் பேச்சை முடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, மேளத்தை மீறிப் பக்கத்தில் இருந்தவர் காதில் கத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது முடிச்சு விழுந்தது. மேளம் நின்றது. சுவிட்சை அணைத்தது மாதிரி மண்டபமே நின்றது. சித்தப்பா மட்டும் நிற்கவில்லை.

"விசாவுக்கு வேண்டிக்கினு நேத்து மலையில மொட்டை அட்ச்சிட்டான்யா, தலையில கீறது வாடகை டோப்பா."

கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. எண்ணூறு பேரும் மாப்பிள்ளை தலையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா எழுந்து, "கல்யாணத்துக்கு மொத நாளு மொட்டை அடிக்கிறதை எங்கனா கேட்டுக்கிறீங்களாய்யா?" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், அதுவும் எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம், "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று கிசுகிசுத்ததும் கேட்டது. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டதால்தான் சண்டை சாப்பாட்டுக்கு முன்னால் அடங்கியது. நல்ல பெண், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கிருஷ்ணய்யா என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஞாயித்துக்கிழமை இன்னொரு பெள்ளி முகூர்த்தம் இருக்குது. அதுக்குள்ள பலகை எல்லாத்தையும் பீக்கிடு. உங்க சார்கிட்ட சொல்லு, ஒரு மண்டபத்துக்காரனும் இனிமே உங்களை உள்ளே விடமாட்டான்."

சார் மறுநாள் காலை வந்து நேராக மண்டபத்துக்கே போனார். நான் ஏணியோடு போய்ச் சேர்ந்தபோது, வெறும் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் ஏழுமலை தன் நாதஸ்வரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே இரவில் வயதாகியிருந்தார்.

"என் கணக்குல எங்கேயோ தப்பு. எங்கேன்னு தெரியல கோவிந்தசாமி. முப்பது வருஷமா பண்றேன், இப்படி ஆனதில்ல. கழட்டிடலாம். நாளைக்கு எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லோர் வேலையும் போகும், இந்த மனிதர் சாகிறவரை இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கடைசியில், "சார், கொஞ்சம் வெளிய வரீங்களா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கேயே சொல்லுங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் பழகியபடி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கத்தரிக்காய், கறிவேப்பிலை, உடைந்த நாற்பது, குவிமாடம், போனில் சொன்ன சூப்பர், ஒன்றையும் விடவில்லை. சார் எழுந்தார். நோட்டு கீழே விழுந்தது. எங்கள் சதாசிவம் சார், நான் பார்த்து முதல் தடவையாக, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"அறிவிருக்காய்யா உனக்கு?"

முப்பது அடி தள்ளி இருந்த ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார் அவரைப் பார்த்தார், குவிமாடத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை கத்தினார். அதையும் மண்டபம் விழுங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "தட்டுங்க" என்றார். தட்டினேன். அவர் முகத்தில் மெல்ல உயிர் வந்தது.

"அப்போ என் கணக்கு தப்பில்ல" என்றார். என்னைத் திட்ட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. பலகையைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் ஆள் இல்லாமல் பார்த்தால் கணக்கு நிற்காது என்றார் சார். கிருஷ்ணய்யா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே தயிர்சாதம் கிளறச் சொன்னார். அலிபிரிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பக்தர்களைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தோம். முந்நூறு பேர் சேர்ந்தார்கள். மீதிக்குத் தங்குகிற அறைகளிலிருந்து ஜமக்காளமும் மெத்தையும் கொண்டுவந்து நாற்காலிகளில் போர்த்தினோம். ஏழுமலை தவில்காரரை வரவழைத்துக்கொண்டு வாசித்தார். நான் மேலே நின்று ஒவ்வொரு கொசுறாகப் பிடுங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மூன்று கெட்டி மேளம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு எப்பப்பா வரும்?" என்று கேட்டார்.

முப்பது கழற்றியபோது ஏழுமலை, கொஞ்சம் வருகிறது என்பதுபோல் தலையசைத்தார். நாற்பதும் இறங்கியதும் கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். "வந்துடுச்சு" என்றார். சார் நோட்டை மூடப் போனார். ஏழுமலை நாதஸ்வரத்தாலேயே மேலே காட்டினார்.

"சார், மேடைக்கு மேல இன்னும் நாலு எடுத்துடுங்க. எனக்குக் கொசுறா இருக்கட்டும்."

ஏணி மேல் நின்ற நான் குவிமாடத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சார் ஏழுமலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "எடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் சாரும் நானும் கிருஷ்ணய்யாவும் பின்னால் நின்றோம். கெட்டி மேளம் நின்ற பிறகு அந்த முழக்கம் இரண்டு நொடி இருந்து மெதுவாக இறங்கியது. எண்ணூறு பேரும் அதற்குள் என்னென்ன பேசினார்களோ, ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்த ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரிந்தது. முக்கால் மணி நேரம் புரிந்தது.

கிருஷ்ணய்யா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "எப்பவும் போலத்தானய்யா இருக்குது. இதுக்கா இத்தனை ரகளை?" என்றார்.

"அதான் சார் வேணும்" என்றார் எங்கள் சார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் நோட்டில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். என் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வடமாலபேட்டையில் இறக்கிவிட்டு, "கிருஷ்ணய்யாவோட மச்சான் காளஹஸ்தியில ஒரு மண்டபம் கட்டியிருக்காராம். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க, கை தட்டணும்" என்றார். வண்டி போய்விட்டது.

வீட்டுக்குப் போனால் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி வாசலில் இருந்தது. மண்டபம் கெட்ட சேதி கேட்டு, மறுநாள் பஸ் என்று சேகர் சொல்லி அனுப்பியிருந்தானாம். எங்களிடம் மூன்று கோழிகள் இருந்தன. பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று அவற்றைப் பக்கத்து வீட்டுக்குக் காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தாள்.

"போவ வேணாம்" என்றேன்.

முனியம்மா என் முகத்தையே பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றி எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒரு கக்கத்தில் இரண்டு கோழி இருந்தது. இன்னொரு கையில் ஒரு கிண்ணம் இருந்தது.

"ஒண்ணை மட்டும் மத்தியானமே அறுத்துட்டாங்களாம்" என்று கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். "துன்னு. நம்ம கோழிதான்."

ஒரு வாய் வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம் என்றேன். ஆமாம், காரம்தான் என்று அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் இன்னும் கிண்ணத்தைத் தொடவே இல்லை.